காரின் வானொலியில் எஞ்சின் இரைச்சல்: அடக்கும் முன் அறிவோம்

இருப்பாய்வின் இரு பக்கங்களும் பொருந்தாதபோது, வேறுபடும் தொகையை அனாமத்துக் கணக்கில் வைத்துவிட்டு அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பதை வணிகவியல் பயின்ற எவரும் அறிவர். தாளில் இரு பக்கமும் சமமாகிவிடும்; பிழை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தேடிப்பிடித்துத் திருத்தும் வரை கணக்கு முடிந்ததாகாது. வங்கிப் பணியில் இருபது ஆண்டுகளாக இப்பாடத்தை இளைய அலுவலர்களுக்குச் சொல்லிவரும் நாங்கள், சொந்தக் காரில் அதை மறந்தோம். அந்த மறதிக்குக் கொடுத்த விலையை இங்கே பகிர்ந்துகொள்வது, கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என நம்புகிறோம்.

நாங்கள் புனேயில் பணியாற்றிய காலம் அது. எங்களிடம் இருந்தது பதினோரு ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார். கும்பகோணத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த தந்தையார், இரவு உணவுக்குப் பின் வாசலில் நிறுத்தியிருக்கும் காரில் அமர்ந்து, மத்திய அலையில் சென்னை வானொலியைத் தேடுவார். சில இரவுகளில் 720 கிலோஹெர்ட்ஸில் தமிழ்க் குரல் தெளிவாகவே கிடைக்கும். ஆனால் கார் புறப்பட்டதும் அக்குரலின் மேல் ஓர் ஊளை படரும். வேகம் கூடக்கூட ஊளையின் சுருதியும் ஏறும். “வண்டி நின்னா பாடுது, கெளம்புனா ஊளையிடுது. என்னன்னு பாருப்பா” என்றார் தந்தையார்.

நாங்கள் என்னவென்று பார்க்கவில்லை. வானொலிப் பெட்டி பழையதாகிவிட்டது என்று நாங்களே தீர்ப்பளித்து, 8,500 ரூபாய்க்குப் புதியதொன்றை வாங்கிப் பொருத்தினோம். ஊளை அப்படியே இருந்தது. பின்னர் ஒரு கடைக்காரர் சொற்படி, பெட்டிக்குச் செல்லும் மின்கம்பியில் 450 ரூபாய் விலையுள்ள இரைச்சல் வடிகட்டி ஒன்றை இணைத்தோம். ஊளை பெருமளவு அடங்கியது, மகிழ்ந்தோம். ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து, மழை பெய்த ஓர் இரவில் சாத்தாராவிலிருந்து திரும்பும் வழியில், முகப்பு விளக்குகள் மங்கின, துடைப்பான்கள் தளர்ந்தன, எஞ்சின் நின்றது. லாரிகள் விரைந்து கடக்கும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், விளக்கில்லாத காரை விட்டு இறங்கி, 78 வயதுத் தந்தையாருடன் ஒன்றரை மணி நேரம் மழையில் நின்றோம். பழுதடைந்திருந்தது ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடு. அதைச் சீராக்கக் கொடுத்தது 1,800 ரூபாய். வானொலி மூலம் அந்த ஆல்டர்னேட்டர் பல வாரங்களாக எங்களை எச்சரித்துக்கொண்டிருந்தது. நாங்களோ எச்சரிக்கையை மட்டும் அனாமத்துக் கணக்கில் போட்டு மூடிவைத்திருந்தோம்.

காரின் வானொலியில் கேட்கும் ஒவ்வோர் இரைச்சலும் இத்தகைய ஆபத்தின் அறிகுறி அன்று. பெரும்பாலானவை தொல்லை மட்டுமே. ஆயினும் எது தொல்லை, எது எச்சரிக்கை என்பதைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கூர்ந்து கேட்கும் செவியும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்கும் பொறுமையும் போதும்.

ஓசையைக் கொண்டு ஆளை அறிதல்

காசோலையின் கையொப்பத்தைக் கண்டதும் அதை இட்டவரை அடையாளம் காண்பது போல, இரைச்சலின் தன்மையைக் கொண்டே அது எப்பகுதியிலிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலாவது, எஞ்சினின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் ஊளை. இது ஆல்டர்னேட்டருக்கு உரியது. எஞ்சினின் பெல்ட்டால் சுழற்றப்படும் இம்மின்னாக்கி, உள்ளே உண்டாக்குவது மூன்று கட்ட மாறுமின்சாரம். ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகின்றன. அவ்வாறு மாற்றப்பட்ட மின்சாரம் முழுச் சமதளமாக இராது, சிற்றலைகள் எஞ்சியிருக்கும். ஆறு காந்தத்துருவ இணைகள் கொண்ட ஆல்டர்னேட்டரில், ஒரு சுழற்சிக்கு 36 சிற்றலைகள் எழும். எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்று மெல்ல ஓடும்போது ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று சுழல்வதாகக் கொண்டால், நொடிக்கு 1,200 சிற்றலைகள் ஆகின்றன. எஞ்சினை 3,000 சுற்றுக்கு உயர்த்தினால், அதே விகிதத்தில் நொடிக்கு 4,500 ஆகும். இரண்டும் மனிதச் செவி நன்கு கேட்கக்கூடிய எல்லைக்குள் இருப்பவை. எனவேதான் மிதியை அழுத்தினால் ஊளை மேலேறுகிறது. டயோடுகளுள் ஒன்று பழுதுபட்டால் சிற்றலை பேரலையாகி, அதுவரை கேளாதிருந்த ஊளை புதிதாகக் கேட்கத் தொடங்கும்.

இரண்டாவது, எஞ்சினின் வேகத்தோடு விரையும் ‘டக் டக்’ என்னும் வெடிப்பொலி. இது பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறியிலிருந்து வருவது. நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தீப்பொறிகள் எழ வேண்டும். 800 சுற்றில் நொடிக்கு ஏறத்தாழ 27. 3,000 சுற்றில் நொடிக்கு 100. மெதுவாக ஓடும்போது தனித்தனியாக எண்ணத்தக்கதாகத் தோன்றும் ஒலி, வேகம் கூடும்போது உறுமலாகிவிடும்.

தீப்பொறி ஏன் வானொலியில் கேட்க வேண்டும் என்ற வினா எழலாம். வானொலியின் தொடக்கமே தீப்பொறிதான். ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில் நிகழ்த்திக் காட்டிய புகழ்பெற்ற சோதனையில், தீப்பொறியிலிருந்து எழுந்த மின்காந்த அலைகள்தாம் கம்பியின்றிச் சென்று தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. அவ்வகையில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையமே. அதனை அடக்கிவைப்பதற்காகவே பிளக்கின் உள்ளே ஏறத்தாழ 5,000 ஓம் மின்தடை ஒன்றை வைக்கிறார்கள். உயரழுத்தக் கம்பிகளையும் மின்தடை உள்ளவையாகவே அமைக்கிறார்கள். விலை குறைவு என்று மின்தடையில்லாத பிளக்கையோ, சாதாரணச் செம்புக் கம்பியையோ பொருத்திவிட்டால், அந்நிலையம் தடையின்றி ஒலிபரப்பத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, எஞ்சினின் வேகம் மாறினாலும் தான் மாறாத ரீங்காரம். இது பெரும்பாலும் எரிபொருள் பம்ப்பிலிருந்தோ, குளிர்காற்று விசிறியின் மோட்டாரிலிருந்தோ வருவது. சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பாமல் விட்டால், பல கார்களில் பம்ப் ஓரிரு நொடிகள் மட்டும் ஓடி நிற்கும். அந்நொடிகளில் மட்டும் ரீங்காரம் கேட்டு அடங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டது. விசிறியை நிறுத்திப் பார்த்தால் விசிறியின் பங்கும் தெரிந்துவிடும்.

நான்காவது, எஞ்சினுக்கு உரியதாகத் தோன்றி, உண்மையில் நாமே வாங்கிச் செருகியது. கைப்பேசி மின்னூட்டி, சாலைக் காட்சியைப் பதியும் கேமரா, பிற்காலத்தில் மாற்றிய எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றினுள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி இணைக்கும் சுற்றுகள் உள்ளன. மலிவானவற்றில் அவற்றைச் சுற்றித் தடுப்பு இராது. சாவியைத் திருப்பியதும் இவையும் உயிர்பெறுவதால் பழி எஞ்சின் மேல் விழுகிறது.

டீசல் கார் வைத்திருப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. எனவே அங்கு ‘டக் டக்’ ஒலி கேட்டால் பிளக்கைத் தேடிப் பயனில்லை. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் மின்கம்பிகள் மீதே ஐயம் கொள்ள வேண்டும்.

மத்திய அலைக்கு ஏன் இத்துணைத் துன்பம்?

மத்திய அலை ஒலிபரப்பில், பாடலும் பேச்சும் அலையின் உயரத்தில் எழுதப்படுகின்றன. தீப்பொறியும் அலையின் உயரத்தையே கலைக்கிறது. எனவே வானொலிப் பெட்டி இரண்டையும் பிரித்தறிய இயலாமல் சேர்த்தே ஒலிக்கிறது. பண்பலையிலோ செய்தி அலைவெண்ணின் மாற்றத்தில் எழுதப்படுகிறது. உயரத்தில் நேரும் கலைப்பைப் பெட்டி வெட்டித் தள்ளிவிடுகிறது. இதனால் ஒரே காரில் 531 முதல் 1,602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மத்திய அலை இரைந்துகொண்டிருக்க, பண்பலை தெளிவாக இருப்பது இயல்பு. மத்திய அலையில் டி.ஆர்.எம். எனும் எண்ணிம முறையிலும் ஆகாசவாணி ஒலிபரப்புகிறது. அதனைப் பெறும் பெட்டி உள்ள கார்களில் இரைச்சல் இரைச்சலாகக் கேளாது. ஒலி இடையிடையே அறுந்துபோகும். நோய் ஒன்றே, அறிகுறி மட்டும் வேறு.

ஆகவே மத்திய அலையில் மட்டும் கேட்கும் மெல்லிய இரைச்சலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பண்பலையிலும், பென் டிரைவில் உள்ள பாடலிலும்கூட அதே ஊளை கேட்குமானால், அது வானில் வரவில்லை. காரின் மின்கம்பிகளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எங்கள் காரில் பாட்டிலும் ஊளை இருந்தது. அந்த ஒரு குறிப்பைக் கவனித்திருந்தால் புதிய பெட்டி வாங்கியிருக்க மாட்டோம்.

ஒன்றன்பின் ஒன்றாக ஏழு சோதனைகள்

சோதனைக்குக் காரைத் திறந்தவெளியில் நிறுத்த வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். தானியங்கிக் கியர் என்றால் பார்க் நிலையில் வைக்க வேண்டும். ஓடும் காரில் சாவியை அணைத்துச் சோதிக்கலாகாது. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கைகொடாமல் போகலாம். ஒருவர் காரினுள் அமர்ந்து கேட்க, மற்றொருவர் தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

1. பின்னர் செருகியவை அனைத்தையும் பிடுங்குக. மின்னூட்டி, கேமரா, கைப்பேசிக் கம்பி என எதுவும் மிஞ்சக்கூடாது. இரைச்சல் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிக் குற்றவாளியைக் காண்க. ஒரு ரூபாயும் செலவில்லாத சோதனை இது. பலருக்கு இத்துடனேயே வேலை முடிந்துவிடும்.

2. சாவியின் நிலைகளை ஒவ்வொன்றாக மாற்றுக. வானொலி மட்டும் இயங்கும் நிலை, மின்சுற்றுகள் முழுதும் இயங்கும் நிலை, எஞ்சின் ஓடும் நிலை, எஞ்சின் 2,500 சுற்றில் ஓடும் நிலை என நான்கிலும் கேட்டு எழுதுக. எந்நிலையில் இரைச்சல் பிறந்தது என்பதே முதற்சான்று.

3. ஒலி மூலத்தை மாற்றுக. மத்திய அலை, பண்பலை, பென் டிரைவ், புளூடூத் ஆகிய நான்கையும் கேட்க. கைப்பேசியைக் கம்பியால் வானொலியோடு இணைத்து, அதே வேளையில் மின்னூட்டியிலும் வைத்திருக்கும்போது மட்டும் ஊளை எழுந்தால், மின்சாரம் இரண்டு வழியாக எர்த்துக்குத் திரும்பும் வளையம் ஒன்று உருவாகியுள்ளது. மின்னூட்டியைப் பிடுங்கியதும் அது மறையும்.

4. ஒலியளவை முழுதும் குறைக்க. அப்போதும் இரைச்சல் அதே அளவில் நின்றால், அது ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பகுதியைக் கடந்தபின் நுழைகிறது. தனியாகப் பொருத்திய பெருக்கியையோ, மின்வழங்கு கம்பியையோ, ஒலிபெருக்கிக் கம்பிகளையோ ஆராய வேண்டும். ஒலியளவோடு சேர்ந்து இரைச்சலும் குறைந்தால் அது முன்னரே நுழைந்துவிட்டது.

5. ஏரியல் கம்பியைப் பெட்டியின் பின்புறத்திலிருந்து கழற்றுக. நிலையங்கள் மறைவதோடு இரைச்சலும் மறைந்தால் அது ஏரியல் வழியே வந்தது. நிலையம் மறைந்து இரைச்சல் மட்டும் எஞ்சினால் அது மின்கம்பி வழியே வந்தது. இச்சோதனை ஒன்றே வழக்கைப் பாதி முடித்துவிடும். பெட்டியை வெளியே இழுக்கத் தயங்குவோர் இதனை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் செய்யச் சொல்லலாம்.

6. மின்சுமையைக் கூட்டுக. எஞ்சின் ஓடுகையில் முகப்பு விளக்கு, விசிறி, பின்கண்ணாடிச் சூடேற்றி ஆகியவற்றை இயக்குக. ஊளை தெளிவாக உரக்குமானால் ஆல்டர்னேட்டரோ அதன் எர்த் இணைப்போ காரணமாகலாம். தீப்பொறியின் ஒலி மின்சுமையால் பெரிதும் மாறுவதில்லை.

7. மல்டிமீட்டர் கொண்டு அளந்து பார்க்க. எஞ்சின் ஓடாதபோது முழு மின்னூட்டம் பெற்ற பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்டும். விளக்குகளை எரியவிட்ட பின்னும் 13-க்கு மேல் ஏறாவிட்டால் மின்னூட்டம் போதவில்லை என்று ஐயுறலாம். புதிய வகைக் கார்கள் சிலவற்றில் கணினியே மின்னூட்டத்தைக் கூட்டிக் குறைப்பதால், ஒரே ஒரு அளவை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அடுத்து, மீட்டரை மாறுமின்சார அளவுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நலம். 0.5-ஐ நெருங்கினால் டயோடு பழுது என்ற ஐயம் வலுக்கிறது. மலிவான மீட்டர்கள் சில, நேர்மின்சாரத்தையும் இதனுடன் சேர்த்துக் காட்டிவிடும் என்பதால் பட்டறையில் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நன்று.

ஓர் எச்சரிக்கை. ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்றும் உண்டு. அவ்வாறு கழற்றும் நொடியில் மின்னழுத்தம் திடீரெனப் பாய்ந்து, பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள கட்டுப்பாட்டுக் கணினியைப் பாழாக்கக்கூடும். யாரும் அப்படிச் செய்ய முற்பட்டால் உறுதியாகத் தடுத்துவிடுங்கள்.

பலரும் மறக்கும் எர்த் இணைப்பு

காரின் மின்சுற்றில் நேர்முனையிலிருந்து கம்பிகள் வழியாகச் செல்லும் மின்சாரம், திரும்பி வருவது பெரும்பாலும் காரின் இரும்புடல் வழியாகத்தான். எஞ்சினையும் உடலையும் பேட்டரியின் எதிர்முனையையும் இணைக்கும் பின்னல் பட்டைகள் துருவேறினாலோ தளர்ந்தாலோ, திரும்பும் மின்சாரம் வேறு வழி தேடும். அவ்வழிகளுள் ஒன்றாக ஏரியல் கம்பியின் மேலுறையோ வானொலியின் எர்த் கம்பியோ அமைந்துவிட்டால், ஆல்டர்னேட்டரில் பழுது சிறிதும் இல்லாமலேயே ஊளை கேட்கும். மும்பை, சென்னை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இத்துருவை விரைவுபடுத்துகிறது.

இதனை அறிய, விளக்குகள் எரிய எஞ்சின் ஓடும்போது, மீட்டரை நேர்மின்சார அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் துருவற்ற உலோகப் பரப்பிலும் வைத்துப் பார்க்கலாம். சுழலும் பெல்ட்டிலும் விசிறியிலும் கையோ துணியோ படாமல் கவனம் வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை. எஞ்சினை நிறுத்தி, எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, இணைப்பிடத்தை உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக முடுக்கி, எதிர்முனையைக் கடைசியில் மாட்ட வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் மீண்டும் இயக்கக் குறியெண் கேட்கும் வானொலிகளும் உண்டு. அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரியலின் அடிப்பகுதிக்கும் இதுவே பொருந்தும். கூரையில் அதைப் பொருத்தியிருக்கும் இடத்தில் மழைநீர் இறங்கித் துருவேறினால், அதன் எர்த் அறுந்து, எஞ்சின் அறையின் தீப்பொறி ஓசை எளிதாக நுழைந்துவிடும். ஐந்தாவது சோதனையில் ஏரியல்தான் வழி என்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அதன்பின் ஸ்பார்க் பிளக்குகளையும் உயரழுத்தக் கம்பிகளையும் ஆராயலாம். பிளக்கின் குறியெண்ணில் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால், பெரும்பாலும் அது மின்தடை உள்ள வகை. தயாரிப்பாளர் கையேட்டில் குறித்துள்ள வகையையே வாங்க வேண்டும்.

வடிகட்டிக்கு இடம் எங்கே?

வடிகட்டி பயனற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. கம்பிச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த அச்சிறு பெட்டி, நேர்மின்சாரத்தை விட்டுச் சிற்றலையைத் தடுக்கிறது. ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில் உள்ளது, எர்த் இணைப்புகள் தூய்மையாக உள்ளன, இரைச்சல் மின்கம்பி வழியாகவே வருகிறது ஆகிய மூன்றும் உறுதியானபின் அதனைப் பொருத்துவது முறையான தீர்வு. வடிகட்டி தாங்கும் ஆம்பியர் அளவு, வானொலியின் ஃபியூஸ் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெட்டிக்கு அருகிலேயே அதைப் பொருத்த வேண்டும். எஞ்சின் கணினிக்கும் இக்னிஷன் காயிலுக்கும் செல்லும் கம்பிகளில், பழைய கார்களில் செய்தது போல மின்தேக்கியைத் தம் விருப்பப்படி இணைப்பது இன்றைய கார்களுக்கு ஏற்றதன்று.

ஆனால் நேற்று வரை இல்லாத ஊளை இன்று திடீரெனப் பிறந்திருந்தால், வடிகட்டியை நாடாமல் காரணத்தைத் தேடுங்கள். கார் வாங்கிய நாளிலிருந்து மாறாமல் இருக்கும் மெல்லிய ஓசை தொல்லை. புதிதாகப் பிறந்து நாளுக்கு நாள் வளரும் ஓசை செய்தி. இரவில் முகப்பு விளக்கு எஞ்சினின் வேகத்தோடு மங்கிப் பிரகாசித்தால், காலையில் கார் தயங்கிக் கிளம்பினால், பேட்டரி எச்சரிக்கை விளக்கு அரைகுறையாக ஒளிர்ந்தால், அச்செய்தி அவசரச் செய்தியாகிவிடுகிறது. அந்நிலையில் நெடும்பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

மின்சாரக் கார்களிலும் கலப்பினக் கார்களிலும், மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டரே வலிய இரைச்சல் மூலம். இதனால் சில தயாரிப்பாளர்கள் தம் மின்சாரக் கார்களில் மத்திய அலையை வைப்பதையே விட்டுவிட்டனர். ஆரஞ்சு நிற உறையிட்ட உயரழுத்தக் கம்பிகளைப் பயிற்சி பெற்றவர் தவிர வேறெவரும் தொடலாகாது.

பணத்தைக் காக்கும் சில நடைமுறைகள்

வாகனங்கள் வெளியிடும் மின்காந்த இடையூறுக்கு வரம்பு வகுக்கும் முயற்சி புதியதன்று. 1934-இல் தோன்றிய ‘சிஸ்பர்’ எனும் பன்னாட்டுக் குழு அதற்கென்றே நெறிகளை உருவாக்கி வருகிறது. இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 004 எனும் தரநெறி இதற்கு உண்டு. ஆலையிலிருந்து வெளிவரும் கார் இத்தகைய நெறிக்கு உட்பட்டே வருகிறது. எனவே உத்தரவாதக் காலத்தில் உள்ள காரில், ஆலையே பொருத்திய வானொலியில் எஞ்சின் இரைச்சல் கேட்டால், நாமாகக் கம்பியை வெட்டாமல் விற்பனையாளரிடம் எழுத்துமூலம் முறையிடுவதே முறை. எந்நிலையில், எவ்வேகத்தில், எந்த மூலத்தில் ஓசை கேட்டது என்ற மேற்கண்ட குறிப்புத் தாளையும் இணைத்தால், “எங்களுக்குக் கேட்கவில்லையே” என்ற பதிலுக்கு இடமிராது.

வெளியில் வானொலியை மாற்றுவோர், காரின் மூலக் கம்பிகளை வெட்டாமல், அந்தக் கார் வகைக்கென விற்கப்படும் இணைப்பான்களைக் கொண்டே பொருத்தச் சொல்ல வேண்டும். வெட்டி முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு இரைச்சலுக்கு மட்டுமன்றித் தீவிபத்துக்கும் வழிசெய்யும், உத்தரவாதத்தையும் கேள்விக்குறியாக்கும். பொருத்தியவற்றுக்கு ரசீது பெற்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலை பொருத்தாத மின்சாதனங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் அறிவித்து, அதற்குரிய கூடுதல் பிரீமியம் செலுத்தினால்தான், சேதமோ திருட்டோ நேரும்போது அவற்றின் மதிப்பைக் கோர இயலும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது இதனையும் சரிபார்ப்பது நலம்.

பட்டறைக்குச் செல்லும்போது “வானொலியில் சத்தம் வருகிறது” என்று மட்டும் சொன்னால், அவர்கள் அறிந்த பொருளை விற்பார்கள். “ஊளை எஞ்சினோடு ஏறுகிறது, பாட்டிலும் கேட்கிறது, ஏரியலைக் கழற்றினாலும் நிற்கவில்லை, விளக்குப் போட்டால் கூடுகிறது” என்று சொன்னால், நேரே ஆல்டர்னேட்டரிடம் செல்வார்கள். அந்த நான்கு வாக்கியங்கள் எங்களிடம் இருந்திருந்தால், 1,800 ரூபாயில் முடிந்திருக்கும் வேலைக்கு 8,950 ரூபாய் வீணாகியிராது. தந்தையாரும் மழையில் நின்றிருக்க மாட்டார்.

டயோடு மாற்றிய அன்று மாலை, பட்டறையிலேயே அந்த வடிகட்டியைக் கழற்றச் சொன்னோம். எலக்ட்ரீஷியன், “இருந்துவிட்டுப் போகட்டுமே, தீங்கில்லை” என்றார். தீங்கில்லைதான். ஆனாலும் அனாமத்துக் கணக்கின் இருப்பு சுழியமானபின் அக்கணக்கை முடித்துவிடுவதே எங்கள் தொழில் வழக்கம் என்றோம். அன்றிரவு தந்தையாரை அழைத்துக்கொண்டு ஊரை ஒருமுறை சுற்றிவந்தோம். மத்திய அலையில் சென்னை நிலையம் மெலிதாகத்தான் கிடைத்தது. ஊளை மட்டும் இல்லை. தந்தையார் ஒலியைச் சற்றே கூட்டிவிட்டு, வீடு வந்த பின்னும் கச்சேரி முடியும் வரை இறங்கவில்லை.